எஞ்சினை ஓட வைப்பது எரிபொருளா, காற்றின் சுழற்சியா? – ஹாரி ரிக்கார்டோவின் ஆய்வு பற்றி

வளிச்சுழல் எழுதியது:

எஞ்சின் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் குதிரைத்திறன், மைலேஜ், ஆயில் மாற்றும் காலம் என்றுதான் போய் நிற்கிறது. சிலிண்டருக்குள் கலவை எப்படி எரிகிறது, ஏன் அவ்வளவு வேகமாக எரிகிறது என்பதைப் பேசவும் ஓர் இழை இருக்கட்டும். அதற்கு ஏற்ற ஆள் இங்கிலாந்தின் ஹாரி ரிக்கார்டோ (1885–1974). உள்ளெரி எஞ்சினில் வாயு ஓட்டத்தைத் தற்செயலாக விடாமல் திட்டமிட்டு வடிவமைக்க வேண்டிய பொருளாகப் பார்த்தவர்களில் அவரை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

முதலில் ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி வினாடி. பிஸ்டன் மேல்முனையை ஒட்டியிருக்கும் சுமார் 50 பாகைக்குள் எரிதல் முடிந்தாக வேண்டும். அதாவது ஏறத்தாழ 1.4 மில்லி வினாடி. அசையாமல் நிற்கும் பெட்ரோல்-காற்றுக் கலவைக்குள், சாதாரண அழுத்தத்தில், தீமுனை வினாடிக்கு அரை மீட்டருக்கும் குறைவாகவே முன்னேறும். எரிந்த வாயு விரிந்து தீயைத் தள்ளிவிடுவதையும் எஞ்சினுக்குள் இருக்கும் வெப்பத்தையும் சேர்த்து, தாராளமாக வினாடிக்கு 3 மீட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 80 மில்லி மீட்டர் விட்டமுள்ள சிலிண்டரின் நடுவில் பிளக் இருந்தால் தீ 40 மில்லி மீட்டர் கடக்க வேண்டும். அதற்கு 13 மில்லி வினாடி ஆகும். அதற்குள் கிராங்க் ஒரு முழுச் சுற்றைத் தாண்டிவிடும். கலவை பாதி எரிந்துகொண்டிருக்கும்போதே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும்.

ஆக, வேதியியலை மட்டும் நம்பினால் வேகமாக ஓடும் பெட்ரோல் எஞ்சின் என்ற ஒன்றே இருக்க முடியாது. ஓட வைப்பது கொந்தளிப்பு. உறிஞ்சும்போது வால்வு இடுக்கு வழியாகச் சீறி நுழையும் கலவை பெரிய சுழல்களாகவும், அவை உடைந்து சிறு சுழல்களாகவும் சிலிண்டரை நிரப்புகிறது. அந்தச் சுழல்கள் தீமுனையைக் கசக்கி, மடித்து, அதன் பரப்பைப் பல மடங்காக்குகின்றன. தீ வினாடிக்கு 20, 30 மீட்டர் என்று பாய்கிறது. இதில் இன்னொரு அற்புதம், எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற உள்ளே நுழையும் கலவையின் வேகமும் கூடுகிறது, கொந்தளிப்பும் அதே விகிதத்தில் கூடுகிறது. நேரம் குறையும் அளவுக்கு எரிதலும் விரைவாகிறது. இந்தப் பொருத்தம் மட்டும் இயற்கையில் அமைந்திராவிட்டால் 2000 சுற்றுக்கு மேல் ஓடும் பெட்ரோல் எஞ்சினை நாம் பார்த்திருக்கவே மாட்டோம் என்பது என் எண்ணம்.

இதை நேரடியாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு டூகல்ட் கிளார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கேஸ் எஞ்சினில் கலவையை உறிஞ்சவைத்தார். பிறகு வால்வுகளைத் திறக்காமல், தீப்பொறியும் கொடுக்காமல், அதே கலவையைச் சில முறை அமுக்கி விரியவிட்டார். உள்ளே இருந்த சுழற்சி அடங்கியதும் தீ மூட்டினார். அதே கலவை, அதே அமுக்கம், அதே எஞ்சின். ஆனால் எரிதல் பல மடங்கு மந்தமாகிவிட்டது. மாறியது வாயுவின் அசைவு ஒன்றுதான்.

ரிக்கார்டோவின் வேலை இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. கொந்தளிப்பு வேண்டும் என்றால் அதை எங்கே, எப்போது, எவ்வளவு உண்டாக்குவது? 1919-ல் அவர் காப்புரிமை பெற்ற சிலிண்டர் ஹெட் (சிலிண்டரை மேலே மூடும் பாகம்) அதற்கு அவர் தந்த விடை. நாக்கிங் (தீ வந்து தொடும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிப்பது) பிரச்சினைக்கு அந்தத் தலைமுறை கண்ட இரண்டு விடைகளில், பெட்ரோலில் ஈயம் கலந்ததைவிட இதுவே பெரியது என்று நான் நினைக்கிறேன். மறுப்பவர்கள் வரலாம்.

---

இலுப்பைத்தோப்பு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. பொருளாதாரப் பாடத்தில் வரும் டேவிட் ரிக்கார்டோவுக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

---

வளிச்சுழல் எழுதியது:

உண்டு. டேவிட் ரிக்கார்டோவின் சகோதரர் வழியில் வந்தவர் ஹாரி. தந்தை கட்டடக் கலைஞர். தாய்வழித் தாத்தா அலெக்சாண்டர் ரெண்டல் பெரிய பொறியாளர். பேரனும் தாத்தாவின் நிறுவனத்தில்தான் முதலில் வேலைக்குச் சேர்ந்தார். படித்தது கேம்பிரிட்ஜில். மாணவராக இருந்த 1904-ல், குறிப்பிட்ட அளவு பெட்ரோலில் யார் அதிக தூரம் போகிறார் என்ற போட்டியில் தானே செய்த மோட்டார் சைக்கிளோடு கலந்துகொண்டு வென்றார். அதைப் பார்த்த பேராசிரியர் பெர்ட்ரம் ஹாப்கின்சன் அவரை எஞ்சின் ஆய்வுக்குள் இழுத்துக்கொண்டார்.

---

லேத் பட்டறை எழுதியது:

வணக்கம். நான் இருசக்கர வாகன எஞ்சின் வேலை செய்கிறவன். ஹெட்டைக் கழற்றினால் எரியும் அறையைச் சுற்றி ஒரு தட்டையான விளிம்பு இருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது அந்த விளிம்பை ஏறக்குறைய தொட்டுவிடும் தூரத்துக்கு வந்து நிற்கும். அதை ஸ்குவிஷ் என்பார்கள். ரிக்கார்டோ ஹெட் என்று நீங்கள் சொல்வது இதன் மூலமா? அப்படியானால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். தொழில் கற்றுக்கொடுத்த ஐயா "அந்த இடத்தில் கை வைக்காதே" என்றுதான் சொன்னார், காரணம் சொல்லவில்லை.

---

வளிச்சுழல் எழுதியது:

அதேதான் அண்ணா. உங்கள் கையில் தினமும் புரளும் அந்த விளிம்புக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது.

அன்றைய கார்களில் பெரும்பாலானவை சைடு வால்வு எஞ்சின்கள். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில், சிலிண்டர் பிளாக்கிலேயே தலைகீழாக நிற்கும். செய்வது எளிது, செலவு குறைவு, சத்தமும் குறைவு. ஆனால் எரியும் அறை பிஸ்டனுக்கு மேலும் வால்வுகளுக்கு மேலும் தட்டையாகப் பரந்து கிடக்கும். ஒரு கோடியில் பற்றிய தீ மறு கோடிக்குப் போய்ச் சேருவதற்குள் அங்கே மீந்திருக்கும் கலவை, முன்னால் எரிந்த வாயுவால் நெருக்கப்பட்டுச் சூடேறி, தீ வந்து தொடுவதற்கு முன்பே தானாக வெடித்துவிடும். அதுதான் நாக்கிங். ஆகவே அமுக்க விகிதத்தை, அதாவது கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பதை, 4-ஐ ஒட்டியே வைத்திருந்தார்கள். வால்வுகள் ஹெட்டில் இருக்கும் ஓவர்ஹெட் வால்வு எஞ்சின் இதைவிடக் கணிசமாக அதிக ஆற்றல் தந்தது. எல்லோரும் அதற்குக் காரணம் வால்வின் இருப்பிடம் என்று நினைத்தார்கள்.

ரிக்கார்டோ பார்த்தது வேறு. சைடு வால்வு எஞ்சினில் கலவை முட்டி மோதி வளைந்து நுழைவதால் சுழற்சியின் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துவிடுகிறது, கடைசி நேரத்தில் கொந்தளிப்பு போதவில்லை என்றார். அதனால் அறையை வால்வுகளுக்கு மேலே ஒரே கட்டியாகக் குவித்தார். பிஸ்டனின் மறுபாதிக்கு மேலே ஹெட்டைத் தாழ்த்தி, மெல்லிய இடைவெளி மட்டும் விட்டார். பிஸ்டன் மேல்முனையை நெருங்கும்போது அந்த இடைவெளியில் இருக்கும் கலவை பிதுங்கி, அறைக்குள் பீறிட்டுப் பாயும். தீ மூட்டும் சரியான தருணத்தில் புதுக் கொந்தளிப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது பயன். தீ கடைசியாகப் போய்ச் சேரும் மூலை எது? பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய இடைவெளிதான். அங்கே கலவை குறைவு, இரு பக்கமும் குளிர்ந்த உலோகம். கடைசிக் கலவை தானாக வெடிக்கும் அளவுக்குச் சூடேறவே வழியில்லை. எரிதலை விரைவுபடுத்தியதும் நாக்கிங்கை அடக்கியதும் ஒரே வார்ப்பு வடிவம்தான். புது உலோகம் இல்லை, கூடுதல் பாகம் இல்லை, ஹெட்டின் வார்ப்பு அச்சை மட்டும் மாற்றினால் போதும். மலிவான சைடு வால்வு எஞ்சின் அன்றைய ஓவர்ஹெட் வால்வு எஞ்சினுக்குச் சமமாக வந்து நின்றது. 1920-களில் கார்த் தொழிற்சாலைகள் அதை எடுத்துக்கொள்ள முண்டியடித்ததில் வியப்பில்லை.

---

மேகலா இயந்திரவியல் எழுதியது:

நல்ல இழை. ஆனால் புகழ் பங்கீட்டில் எனக்கு உடன்பாடில்லை. கொந்தளிப்பு எரிதலை விரைவாக்குகிறது என்று காட்டியவர் கிளார்க். மூடிய கலத்துக்குள் விசிறியைச் சுழலவிட்டுக் கலவையைக் கொளுத்தி, விசிறி ஓடும்போது வெடிப்பு எவ்வளவு வேகமாகிறது என்று அளந்தவர் ஹாப்கின்சன். நாக்கிங்கும் முன்பற்றலும் (தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்வது) வெவ்வேறு என்பதைப் பிரித்துப் பார்க்கும் வழியும் ஹாப்கின்சனின் ஆய்வுக்கூடத்தில்தான் பிறந்தது. அவர் 1918 ஆகஸ்டில், தானே ஓட்டிச் சென்ற விமானம் விழுந்து இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 44. உயிரோடு இருந்திருந்தால் இன்று ரிக்கார்டோவின் பெயரில் வழங்கும் பாதி விஷயங்கள் அவர் பெயரில் வழங்கியிருக்கும்.

நாம் படித்த பாடநூல்களில் ஹாப்கின்சன் பெயரே வருவதில்லை. ஆசிரியர் மறைந்ததால் மாணவருக்கே எல்லாம் என்று எழுதிவிடுவது நியாயமில்லை.

---

வளிச்சுழல் எழுதியது:

மேகலா, ஹாப்கின்சனைப் பற்றி நீங்கள் சொன்னது ஒவ்வொன்றும் சரி. ரிக்கார்டோவும் தன் ஆசிரியரை வாழ்நாள் முழுவதும் நன்றியோடுதான் குறிப்பிட்டார்.

ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. கொந்தளிப்பு எரிதலை விரைவாக்கும் என்று தெரிந்திருப்பது ஒன்று. வார்ப்பாலையில் ஊற்றக்கூடிய ஒரு வடிவத்தில் அதைக் கட்டிவைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு வாயு எந்த வழியாக நுழைகிறது, எங்கே வேகம் இழக்கிறது, பிஸ்டன் எந்தக் கணத்தில் எதைத் தள்ளுகிறது என்று முழு ஓட்டத்தையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்போது லேசர் இல்லை, கணினி இல்லை, சிலிண்டருக்குள் எட்டிப் பார்க்கும் கண்ணாடிகூட நடைமுறைக்கு வரவில்லை. ரிக்கார்டோவிடம் இருந்தவை அழுத்த அளவி, எரிபொருள் செலவுக் கணக்கு, எக்ஸாஸ்ட் வெப்பம், பிறகு காது.

கொந்தளிப்பு கூடிவிட்டால் கெடுதல் என்பதையும் அவர் அழுத்திச் சொன்னார். சுவரை ஒட்டியிருக்கும் சூடான வாயு ஓயாமல் புரண்டுகொண்டே இருந்தால் வெப்பம் குளிர்நீருக்குப் போய்விடும். அழுத்தம் திடீரென்று ஏறி எஞ்சின் முரட்டுத்தனமாக உதறும். கொந்தளிப்புக்கு ஒரு அளவு உண்டு என்பதும், அதைத் தாண்டினால் ஆற்றல் குறையும் என்பதும் அவருடைய சொந்த அறுவடை. அந்த இரண்டாவது பாதியைக் கிளார்க்கிடமோ ஹாப்கின்சனிடமோ நான் காணவில்லை.

---

தென்னவன்67 எழுதியது:

ஈயத்தைப் பற்றிய உங்கள் ஒப்பீட்டுக்கு மறுப்பு. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி டெட்ரா எதில் ஈயத்தைக் கண்டுபிடித்தார். பெட்ரோலில் துளி கலந்தால் போதும், எந்த ஹெட்டாக இருந்தாலும் நாக்கிங் அடங்கும். 1940-ல் பிரிட்டிஷ் போர் விமானங்களுக்கு நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல் வந்தபோது அவற்றில் இருந்த மெர்லின் எஞ்சினின் உறிஞ்சு அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டாக உயர்த்த முடிந்தது. அந்தப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. ஹெட்டின் வடிவத்தை மட்டும் செதுக்கி அந்தப் பாய்ச்சலைப் பெற்றிருக்க முடியுமா?

ஈயம் நஞ்சு என்பதை நானும் மறுக்கவில்லை. 1924-ல் அமெரிக்கத் தயாரிப்பு ஆலைகளிலேயே தொழிலாளர்கள் மூளை பாதித்து இறந்தார்கள். உலகத்தில் கடைசியாகச் சாலை வாகனப் பெட்ரோலில் ஈயம் நின்றது 2021-ல், அல்ஜீரியாவில். ஆனால் பொறியியல் பயன் என்ற ஒரு தராசில் மட்டும் நிறுத்தினால் மிட்ஜ்லியின் பக்கம்தான் தாழும்.

---

வளிச்சுழல் எழுதியது:

தென்னவன் ஐயா, மெர்லின் எடுத்துக்காட்டு வலுவானது. ஆனால் ரிக்கார்டோவை எரிபொருளுக்கு எதிர்ப்பக்கத்தில் நிறுத்துவது பொருந்தாது. எரிபொருளை முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் அவரே முன்னோடி. அந்தக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தக் காலத்தில் பெட்ரோலின் தரத்தை அதன் அடர்த்தியை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். இலேசாக இருந்தால் நல்ல பெட்ரோல், கனமாக இருந்தால் மட்டம். போர்க்காலத்தில் ஷெல் நிறுவனத்திடமிருந்து பல எண்ணெய் வயல்களின் மாதிரிகள் ரிக்கார்டோவிடம் சோதனைக்கு வந்தன. போர்னியோவிலிருந்து வந்த ஒன்று மற்ற எல்லாவற்றையும்விட நாக்கிங்கைத் தாங்கியது. அதில் டொலுயின் போன்ற நறுமணச் சேர்மங்கள் அதிகம். அதனாலேயே அது கனமானது. கனமாக இருந்த ஒரே காரணத்துக்காக அந்தப் பெட்ரோலை அங்கே வீணென்று எரித்துக்கொண்டிருந்தார்கள்!

போர் முடிந்ததும் ஷெல் நிறுவனம் அவரிடம் பெரிய ஆய்வை ஒப்படைத்தது. இங்கிலாந்தின் தென்கரையில் ஷோர்ஹாமில் 1919-ல் ஆய்வுக்கூடம் அமைந்தது. அங்கே இ-35 என்ற ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினைக் கட்டினார். விட்டம் 4.5 அங்குலம், பிஸ்டன் நகர்வு 8 அங்குலம். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை மேலும் கீழும் நகர்த்தி அமுக்க விகிதத்தை மாற்றலாம். 4-க்குக் கீழிருந்து ஏறத்தாழ 8 வரை. ஓர் எரிபொருளை ஊற்றி, நாக்கிங் கேட்கத் தொடங்கும் வரை விகிதத்தை ஏற்றிக்கொண்டே போவார்கள். கேட்ட இடம்தான் அந்த எரிபொருளின் எல்லை. பின்னாளில் ரேடார் வரலாற்றில் பெயர் பெற்ற ஹென்றி டிசார்டும் டேவிட் பையும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். டொலுயினை அளவுகோலாக வைத்து எரிபொருள்களை வரிசைப்படுத்தினார்கள்.

இன்று பெட்ரோல் பங்கில் 91, 95 என்று எழுதியிருக்கும் ஆக்டேன் எண் பின்னால் வந்தது. 1926-ல் அமெரிக்காவின் கிரஹாம் எட்கர் ஐசோ ஆக்டேனையும் ஹெப்டேனையும் இரு முனைகளாக வைத்து அந்த அளவுகோலை அமைத்தார். அதை அளக்க இன்றுவரை பயன்படும் எஞ்சினும் அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்தான். ஷோர்ஹாமில் தொடங்கிய வழியில்தான் அதுவும் நடக்கிறது.

தராசு என்றீர்கள். ஈயம் போய்விட்டது. இந்தியாவில் 2000-க்குப் பிறகு வந்த பெட்ரோல் எஞ்சின்களைத் திறந்து பாருங்கள், பெரும்பாலானவற்றில் ஸ்குவிஷ் விளிம்பு இருக்கிறது. ஈயம் போன பிறகும் அமுக்க விகிதம் குறையவில்லை. 13-ஐத் தொடும் சாலைக் கார்கள் இன்று இருக்கின்றன. சுத்திகரிப்பு மேம்பட்டதும் நேரடி உட்செலுத்தலும் (எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சுவது) அதற்குக் காரணங்கள் என்பதை ஏற்கிறேன். அவற்றோடு வாயு ஓட்டத்தை வடிவமைக்கக் கற்றதும் ஒரு காரணம். பொறியியல் தராசிலேயே நிறுத்திச் சொல்கிறேன்: நீடித்தது எது என்று பார்க்க வேண்டும்.

---

தென்னவன்67 எழுதியது:

போர்னியோ செய்தி எனக்குப் புதிது, நன்றி. போர்க்கால விமான எஞ்சினைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றமில்லை. சாலை வாகனத்துக்கு உங்கள் வாதத்தை ஏற்கிறேன்.

---

கவச வாகனப் பித்தன் எழுதியது:

யாரும் டாங்க் எஞ்சினைத் தொடவில்லையே! முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் டாங்குகளில் முதலில் இருந்தது 105 குதிரைத்திறன் டெய்ம்லர் எஞ்சின். அதன் ஸ்லீவ் வால்வுகள் (பிஸ்டனைச் சுற்றி நகரும் உறை வடிவ வால்வுகள்) எண்ணெயைக் குடித்துப் புகை கக்கின. களத்தில் புகை எழுந்தால் எதிரியின் பீரங்கிக்கு இலக்கு காட்டிக் கொடுத்த மாதிரி. ரிக்கார்டோ ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன் எஞ்சினை வடிவமைத்தார். நீராவி எஞ்சினில் இருப்பது போன்ற குறுக்குத்தலை அமைப்பு, அதாவது பிஸ்டனின் பக்கத் தள்ளலைத் தனி வழிகாட்டி ஒன்று தாங்கும். கிராங்க் பெட்டியிலிருந்து எண்ணெய் எரியும் அறைக்கு ஏறும் வழியே அடைபட்டது. மார்க் 5 டாங்க் 1918-ல் இந்த எஞ்சினோடுதான் களமிறங்கியது. ரிக்கார்டோவின் பெயரும் பணமும் இங்கேயிருந்துதான் வந்தன. ஷோர்ஹாம் ஆய்வுக்கூடத்துக்கு அடித்தளம் இந்த டாங்க் எஞ்சின்.

---

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் எழுதியது:

தம்பிகளே, பெட்ரோலையே சுற்றுகிறீர்கள். எங்களைப் போன்ற டீசல் ஆட்களுக்கு ரிக்கார்டோ என்றால் காமெட் அறைதான்.

டீசலில் பிரச்சினை வேறு. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் முன்பே கலந்து வருகின்றன. டீசலில் சூடான காற்றுக்குள் கடைசி நேரத்தில் எரிபொருளைப் பீய்ச்சுகிறோம். அது துளியாகி, ஆவியாகி, காற்றோடு கலந்து எரிய வேண்டும். நேரம் போதவில்லை என்றால் கரும்புகை. அதனால் பழைய டீசல் எஞ்சின்கள் மெதுவாகத்தான் ஓடின. அப்போது பம்ப் கொடுத்த அழுத்தமும் குறைவு, நாசில் துளையும் பெரியது.

ரிக்கார்டோ என்ன செய்தார்? ஹெட்டில் உருண்டையான ஒரு சிறு அறையை வைத்தார். சிலிண்டரிலிருந்து அதற்குள் போகும் கழுத்து நேராக இல்லாமல், உருண்டையின் ஓரத்தைத் தொட்டபடி சாய்வாக நுழையும். பிஸ்டன் மேலே வரும்போது காற்று அந்தக் கழுத்து வழியாகத் திணிக்கப்பட்டு உருண்டைக்குள் கடும் வேகத்தில் சுழலும். அந்தச் சுழலுக்குள் டீசலைப் பீய்ச்சினால் காற்றே போய்ப் போய் எரிபொருளை எடுத்துக்கொள்ளும். உருண்டையின் கீழ்ப்பாதி தனித் துண்டு. அதைச் சுற்றி இடைவெளி விட்டிருப்பதால் ஹெட்டின் குளிர்ச்சி அதற்கு எட்டாது, செக்கச் சிவக்கச் சூடாகவே இருக்கும். டீசல் தாமதமில்லாமல் பற்றும். 1931-ல் லண்டன் பஸ்களுக்காக ஏஇசி நிறுவன எஞ்சினில் இது வந்தது. அதன்பின் சிறிய, வேகமான டீசல் எஞ்சின் என்றாலே இந்தக் குடும்பம்தான். 1976-ல் வந்த வோக்ஸ்வாகன் கோல்ஃப் டீசலிலும் சுழல் அறைதான் இருந்தது.

நம் ஊரில் ஓடிய அம்பாசடர் டீசல் நினைவிருக்கிறதா? 1,489 சிசி, இங்கிலாந்தின் பிஎம்சி வடிவம். அதன் ஹெட்டிலும் ரிக்கார்டோ காமெட் அறைதான். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஹீட்டர் போட்டுக் காத்திருப்போமே, ஏன் தெரியுமா? எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கழுத்து வழியாகப் போகும் காற்று, போகிற வழியிலேயே சூட்டை இழந்துவிடும். அறைக்குள் ஹீட்டர் பிளக் பழுத்திருந்தால்தான் டீசல் பற்றும்.

---

லேத் பட்டறை எழுதியது:

ஐயா, அந்தச் சூடான துண்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் விரிசல் விட்டு வந்த ஹெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, கழுத்தை ஒட்டியே கீறல் விழும்.

---

ஓய்வுபெற்ற ஃபோர்மேன் எழுதியது:

ஆம் தம்பி, ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை தீயும் அந்தக் குறுகிய கழுத்து வழியாகத்தானே வெளியே வர வேண்டும்? உலோகத்தின் பாடு அங்கேதான். துண்டு ஹெட்டின் முகத்தோடு சமமாக இருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஹெட்டை ஏற்ற வேண்டும்.

---

மேகலா இயந்திரவியல் எழுதியது:

ஃபோர்மேன் ஐயாவின் விளக்கத்தை எங்கள் வகுப்பிலேயே படிக்கக் கொடுக்கலாம்.

காமெட் அறை ஏன் மறைந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்து வழியாகக் காற்றைத் திணிக்க ஆற்றல் செலவாகிறது. சுழலும் சூடான வாயு உருண்டையின் சுவருக்கு வெப்பத்தை இழக்கிறது. அதனால் நேரடி உட்செலுத்தல் எஞ்சினைவிட டீசல் செலவு பத்திலிருந்து பதினைந்து விழுக்காடு கூட. 1980-களின் இறுதியில் ஃபியட்டும் ஆடியும் கார்களில் நேரடி உட்செலுத்தலைக் கொண்டுவந்தன. 1997-ல் காமன் ரெயில் (எல்லா நாசில்களுக்கும் பொதுவான உயர் அழுத்தக் குழாய்) வந்து 1,350 பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சியது. கலக்கும் வேலையைக் காற்றின் சுழற்சியிடமிருந்து எரிபொருள் தாரையே எடுத்துக்கொண்டது.

ரிக்கார்டோ காதால் கேட்டு ஊகித்ததைப் பின்னால் வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள். 1930-களில் ஜெனரல் மோட்டார்ஸில் வித்ரோவும் ராஸ்வைலரும் ஹெட்டில் குவார்ட்ஸ் சாளரம் பொருத்தி, வினாடிக்கு 5000 படம் எடுத்தார்கள். தீமுனை வருவதற்கு முன்பே கடைசிக் கலவை தானாகப் பற்றுவது படத்தில் தெரிந்தது. பிறகு பௌடிச் என்பவர் பிஸ்டனை நீட்டி, அதன் தலையில் சாளரமும் அடியில் சாய்ந்த கண்ணாடியும் வைத்து, கீழிருந்து பார்க்கும் வழியைக் கண்டார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் அந்த அமைப்புத்தான். 1997-ல் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் ஜான் டெக் லேசர் ஒளித்தகட்டை டீசல் தாரைக்குள் செலுத்திப் பார்த்தார். அதுவரை பாடநூல்களில் இருந்த டீசல் எரிதல் படத்தையே மாற்றி வரைய வேண்டியதாயிற்று.

நீர்மத் துகள்களைக் காற்றில் தூவி, லேசர் அடித்து, அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்தால் சிலிண்டருக்குள் ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் தெரிந்துவிடுகிறது. அப்படிப் பார்த்தவர்களுக்கு முதலில் உறைத்தது, எந்த இரண்டு சுற்றும் ஒன்றுபோல இல்லை என்பதுதான். ஒரே எஞ்சின், ஒரே வேகம், ஆனால் பிளக்கின் அருகே ஒவ்வொரு சுற்றிலும் காற்று வேறு திசையில் வீசுகிறது. ஒரு சுற்று விரைவாக எரிகிறது, அடுத்தது தாமதிக்கிறது.

---

இலுப்பைத்தோப்பு எழுதியது:

எல்லாம் சுவையாக இருக்கிறது. ஆனால் வாகனங்கள் மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கும்போது இந்த ஆய்வுக்கு இனி என்ன இடம்? குறை சொல்லக் கேட்கவில்லை, என் மகள் இயந்திரவியல் எடுக்க விரும்புகிறாள். அதனால் கேட்கிறேன்.

---

மேகலா இயந்திரவியல் எழுதியது:

தயங்காமல் எடுக்கச் சொல்லுங்கள். நகரக் கார்களுக்கு மின்சாரம் வரட்டும், வரவும் வேண்டும். கண்டம் தாண்டும் சரக்குக் கப்பலை மின்கலத்தில் ஓட்ட முடிவதில்லை. அதற்காக அம்மோனியாவை எரிபொருளாக்கும் வேலை நடக்கிறது. அதில் கரி இல்லை என்பதால் கரியமில வாயு வராது. ஆனால் அம்மோனியா-காற்றுக் கலவையில் தீ வினாடிக்குச் சுமார் 7 சென்டி மீட்டர்தான் நகர்கிறது. பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு. ஹைட்ரஜன் இதற்கு நேர்மாறு, வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல். ஒன்று எரிய மறுக்கிறது, மற்றொன்று உறிஞ்சு குழாய்க்குள்ளேயே திருப்பி வெடிக்கப் பார்க்கிறது. முதலாவதற்குக் கொந்தளிப்பைக் கூட்ட வேண்டும், இரண்டாவதற்கு அடக்க வேண்டும். வளிச்சுழல் தம் முதல் பதிவில் போட்ட கணக்கை இந்த இரண்டுக்கும் போட்டுப் பாருங்கள், வேலை எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். சென்னையில் ஐஐடி வளாகத்திலேயே எரிதல் ஆய்வுக்கென்று தேசிய மையம் இருக்கிறது.

---

வளிச்சுழல் எழுதியது:

மேகலா சொன்னதோடு ஒன்று. கார் எஞ்சினிலும் இந்தத் துறை இன்னும் ஓயவில்லை. 2014-க்குப் பிறகு ஃபார்முலா ஒன் எஞ்சின்களில், பிளக்கைச் சுற்றிச் சிறு முன்னறை வைத்து, அதில் பற்றிய தீயைத் துளைகள் வழியாகத் தாரைகளாக முக்கிய அறைக்குள் பாயவிடுகிறார்கள். மெலிந்த கலவையும் விரைவாக எரிகிறது. 2017-ல் மெர்சிடிஸ் தன் எஞ்சின் சோதனை மேடையில் 50 விழுக்காடு வெப்பத்திறனைத் தாண்டியதாக அறிவித்தது. சாலைக் காரில் டொயோட்டா 40-ஐத் தொட்டதற்கு, காற்றை மேலிருந்து கீழாகக் குட்டிக்கரணம் போட வைக்கும் உறிஞ்சு துளை வடிவம் முக்கியக் காரணம்.

---

லேத் பட்டறை எழுதியது:

என் தொழிலுக்கு ஒரு கேள்வி கேட்டு முடித்துக்கொள்கிறேன். நாக்கிங் அடிக்கிறது என்று வண்டி வந்தால், அமுக்கத்தைக் குறைக்க ஹெட்டுக்கும் சிலிண்டர் பிளாக்குக்கும் நடுவே வரும் ஹெட் கேஸ்கெட்டைத் தடிமனாகப் போடுவது பட்டறைகளில் வழக்கம். சில வண்டிகளில் அதற்குப் பிறகும் நாக்கிங் நிற்பதில்லை, சிலதில் கூடக் கூடியிருக்கிறது. ரிக்கார்டோ கணக்குப்படி இது ஏன்?

---

வளிச்சுழல் எழுதியது:

ஸ்குவிஷ் இடைவெளி கெட்டுப்போவதுதான் காரணம் அண்ணா. அந்த இடைவெளி ஒரு மில்லி மீட்டரை ஒட்டி இருக்கும்போதுதான் கலவை பிதுங்கிப் பாயும், கடைசிக் கலவையும் குளிர்ந்த உலோகத்துக்கு நடுவே ஒட்டிக் கிடக்கும். தடித்த கேஸ்கெட் போட்டு அதை இரண்டு மில்லி மீட்டராக்கினால் பாய்ச்சல் ஓய்ந்துவிடும். எரிதல் மெதுவாகும். ஓரத்தில் கலவை அதிகம் தேங்கும், குளிர்ச்சி உள்ளே எட்டாது. அமுக்க விகிதம் சற்றுக் குறைந்ததால் கிடைத்த நன்மையை இது தின்றுவிடும்.

முதலில் கரி படிந்திருக்கிறதா, பற்றவைக்கும் நேரம் முந்தியிருக்கிறதா, கலவை மெலிந்திருக்கிறதா, குளிர்ச்சி சரியா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் அமுக்கத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால், கேஸ்கெட்டைத் தொடாமல் அறையின் குழிவிலோ பிஸ்டன் தலையின் நடுவிலோ உலோகத்தை எடுத்துவிட்டு, விளிம்பை அப்படியே விடுங்கள். இடைவெளியை அளக்க மெல்லிய ஈயக் கம்பியைப் பிஸ்டன் ஓரத்தில், பிஸ்டன் பின் போகும் திசையில் இரு பக்கமும் வைத்து, ஹெட்டை முறுக்கி, கையால் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்து, நசுங்கிய தடிமனை மைக்ரோமீட்டரில் பாருங்கள். பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கே வைத்தால் பிஸ்டன் சாய்ந்து அளவு பிசகும்.

---

லேத் பட்டறை எழுதியது:

நாளைக்கு ஒரு ஹெட் பிரிக்க வேண்டியிருக்கிறது. கம்பி வைத்து அளந்து, என்ன வந்தது என்று இங்கேயே எழுதுகிறேன்.